விரல் கணக்கு

எங்கள் தொழிலில் வண்டியின் உயரத்தை அங்குலத்தில் சொல்வதில்லை, விரலில் சொல்வோம். டயரின் உச்சிக்கும் அதற்கு மேலே வளைந்து நிற்கும் மட்கார்டு தகட்டுக்கும் நடுவில் எத்தனை விரலைப் படுக்கவைத்து நுழைக்க முடிகிறதோ அதுதான் கணக்கு. கம்பெனியிலிருந்து வரும் கார் நாலு விரல் இருக்கும், சிலதில் அதற்கு மேலும் இடம் மிச்சமிருக்கும். அதைக் குறைப்பதுதான் என் வேலை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு தகர ஷெட்டில் பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன்.

வாசலில் வந்து நிற்பவர் எத்தனை விரல் கேட்கிறார் என்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். மூன்று விரல் கேட்டால் கல்யாணமாகிக் குழந்தை இருக்கிற ஆள், வண்டி கொஞ்சம் அழகாகத் தெரிந்தால் போதும். இரண்டு விரல் கேட்பவர் நல்ல சம்பளத்தில் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியே எடுப்பார். ஒரு விரல் கேட்கிறவன் வீட்டில் சொல்லாமல் வந்திருப்பான். விரலே நுழையாத உயரத்துக்கு ‘ஒட்டு’ என்று பெயர். ஒட்டு கேட்கிறவனிடம் நான் புத்திமதி எதுவும் சொன்னதில்லை, ஏனென்றால் என் சொந்தக் கார் ஒட்டு.

இறக்குவதில் பல வகை உண்டு. மலிவானது சுத்து வெட்டுவது. சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டிங் சக்கரம் வைத்து ஒரு சுற்றோ ஒன்றரைச் சுற்றோ அறுத்துவிட்டுத் திரும்ப மாட்டுவோம். கேஸ் வைத்து வெட்டினால் இரும்பு சூடேறி முறுக்குப் போய்விடும், அப்படி வெட்டுகிறவனை நான் ஷெட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டேன். சின்ன டிரக்குகளுக்குப் பின்னால் சுருள் இருக்காது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைதான். அதில் ஒரு பட்டையை உருவினால் ஒரு விரல் குறையும். அதுவும் போதாது என்றால் பட்டைக்கு அடியில் இருக்கிற ஆக்சிலைத் தூக்கிப் பட்டைக்கு மேலே கட்டிவிடுவோம். அதற்குப் ‘புரட்டிப் போடுறது’ என்று பெயர். காசு இருக்கிறவர்கள் காற்றுப் பை வைப்பார்கள். பொத்தானை அமுக்கினால் வண்டி பெருமூச்சு விட்டுத் தரையில் உட்காரும், இன்னொரு முறை அமுக்கினால் எழுந்துகொள்ளும். நிற்கிற விதத்துக்கும் பெயர்கள் இருக்கின்றன. முன்பக்கம் மட்டும் தாழ்ந்தால் மூக்கு குத்தினது, பின்பக்கம் தாழ்ந்தால் குந்தினது, சக்கரங்கள் மேலே உள்வாங்கிக் கீழே வெளியே தள்ளி நின்றால் கால் அகட்டினது. இப்போது வருகிற பையன்கள் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டு ‘ஸ்லாம்’, ‘ஸ்டாடிக்’, ‘ஸ்டான்ஸ்’ என்று பேசுகிறார்கள். பேசட்டும், எதில் சொன்னாலும் நான் அறுக்கப்போவது அதே சுருளைத்தான்.

இறக்கிய வண்டிக்காரனுக்கு ஊரே வேறு மாதிரி தெரியும். மற்றவர்கள் கோயில், தியேட்டர், மார்க்கெட் என்று வழி சொல்வார்கள். நாங்கள் வேகத்தடையை வைத்துத்தான் சொல்வோம். எந்தத் தெருவில் எத்தனை மேடு, எது தார், எது தெருக்காரர்களே சிமெண்ட் குழைத்துப் போட்டது, எதைக் குறுக்காக ஏறலாம், எது கண்டிப்பாக அடி தட்டும் என்பதெல்லாம் மனப்பாடம். பாண்டிச்சேரியில் இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் போட்ட பக்கம் எங்களுக்குச் சொர்க்கம். கடற்கரையை ஒட்டிய தெருக்களும், அவற்றைச் சுற்றி ஓடும் புல்வார் ரோடும் பெரும்பாலும் மேடில்லாமல் இருக்கும். புல்வாரைத் தாண்டி நம் ஜனங்கள் இருக்கிற பக்கம் போனால் பத்து வீட்டுக்கு ஒரு மேடு. அதனால் மேற்கே போக வேண்டுமென்றாலும் கிழக்கே இறங்கி, கடலோரமாகப் போய், தெற்கே சுற்றித்தான் போவோம். அது எங்களுக்குச் சுற்றாகவே தோன்றாது.

தவிர்க்க முடியாத மேடு வந்தால் அதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும், உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் இறங்க வேண்டும். ஒருவர் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டு கையை ஆட்ட வேண்டும். ஓட்டுகிறவன் வண்டியைக் குறுக்காக விட்டு, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவான். பிறகு எல்லாரும் ஏறிக்கொள்ளலாம். இதைப் பார்த்து ரோட்டில் சிரிக்கிறவர்களை நாங்கள் கண்டுகொள்வதில்லை.

என் மனைவிக்கு இது பிடிக்காது என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். வாய் நல்ல கூர்மை. ஒருமுறை வில்லியனூரில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் கிளம்பியவளைப் பதினோரு இடத்தில் இறக்கி ஏற்றினேன். மண்டபத்து வாசலில் அவளுடைய அக்கா, “கார்லயா வந்தீங்க?” என்று கேட்டாள். “பாதி கார்ல, பாதி நடந்து” என்று இவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஆனாலும் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கத்தான் செய்தாள். எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழகிவிட்டாள். வண்டி வேகம் குறைந்தாலே அவள் கை கதவுக்குப் போய்விடும். வெளியே குதித்து, முன்னால் ஓடி, குனிந்து பார்த்து, ட்ராஃபிக் போலீஸ் மாதிரி கையை ஆட்டுவாள். எனக்கு அதில் பெருமை தாங்காது. கல்லூரிக்குப் போகிற வயதிலும் அவளுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை என் கார் எதிலோ இடித்து ஆயில் சேம்பர் விரிசல் விட்டுவிட்டது. அதை ஷெட்டில் ஜாக்கியின் மேல் ஏற்றிவைத்தேன். வீட்டுக்கு வர வண்டி இல்லை. அன்றைக்கு ஒருவர் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டிருந்தார், இரண்டு விரலுக்கு இறக்க வேண்டும் என்று. திங்கட்கிழமை கை வைக்கலாம் என்று அதை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பத்து வீட்டுக்கு வந்தேன். இன்னும் ஒரு நட்டுக்கூடக் கழற்றாத வண்டி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மனைவி காபி கொடுத்தாள். “ஞாயித்துக்கெழம கூடவா?” என்றாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவில் அந்தக் காரின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன். நாலு சக்கரத்துக்கும் விரல் வைத்துப் பார்த்தேன். சாக்பீஸால் குறி போட்டேன், போட்டோ எடுத்தேன். முன்னால் ஒரு சுற்று எடுத்தால் மூக்கு குத்துமா, பின்னால் முக்கால் சுற்று எடுத்தால் போதுமா என்று யோசித்தேன். அப்புறம் டீக்கடைக்குப் போய், அங்கே ஒருவரிடம் வளவளவென்று பேசிக்கொண்டிருந்துவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தேன். ஆறு மணிக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் நான் ஒரு தடவைகூட வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தாள்.

“அப்பா, உள்ள வாப்பா. அம்மா ஒரு மாதிரி குந்திக்கினு இருக்கு. கூப்புட்டா பேச மாட்டேங்குது.”

அடுப்படியில் கேஸ் சிலிண்டரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் கிடந்தது, அது அவளுடைய கை மாதிரியே இல்லை. கண் மட்டும் என்னைத் தெளிவாகப் பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இது வாதம்தாம்பா, நேரம் கடத்தாத, நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு” என்றார்.

“அது வந்து சேர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன்” என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. வண்டிக்காரன் திமிர் அதில் அப்படியே இருந்தது.

தூக்கிவந்து பின் சீட்டில் படுக்கவைத்தோம். மகள் உள்ளே ஏறித் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஊருக்கு மேற்கே இருக்கிறது. எங்கள் தெரு முனையில் இடப்பக்கம் திரும்பினால் முத்தியால்பேட்டை வழியாக நேரே மேற்கே போகலாம். வழியில் பள்ளிக்கூடங்கள், சந்துகள், எட்டு ஒன்பது மேடுகள். வலப்பக்கம் திரும்பினால் கடல். நான் வலப்பக்கம் திரும்பினேன்.

அப்போது நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்துத் தப்பு செய்தவனுக்காவது ஒரு காரணம் இருக்கும். என் கை திருப்பியது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக அந்த முனையில் வலப்பக்கமே திருப்பிய கை.

ஞாயிற்றுக்கிழமை கடலோரம் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. நடுரோட்டில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். வாடகை ஸ்கூட்டரில் வந்த இரண்டு பேர் வழி தெரியாமல் எனக்கு முன்னால் வட்டமடித்தார்கள். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், என் மனைவியின் இடது கை சீட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

“சீக்கிரம்பா, சீக்கிரம் போப்பா” என்று மகள் அழுதாள்.

“வந்துட்டோம், வந்துட்டோம்” என்றேன். அப்போது நாங்கள் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தோம்.

புல்வாரில் தெற்கே வந்து மேற்கே திரும்பியதும் ஒரு மேடு. புதிதாகப் போட்டது, போன வாரம் இல்லை. நான் பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினேன். பின் கதவு திறந்தது. என் மகள் அவளுடைய அம்மாவின் தலையை மடியிலிருந்து தூக்கி சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். மேட்டைத் தாண்டி ஓடினாள், குனிந்து அடியைப் பார்த்தாள், அழுதுகொண்டே கையை ஆட்டினாள். நான் குறுக்காக விட்டு ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். எனக்குப் பின்னால் வண்டிகள் கத்தின. டெம்போக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி, “யோவ், வண்டி ஹைட்டாத்தானய்யா இருக்குது, இன்னாத்துக்கு இந்த ட்ராமா?” என்றார். நான் அவருடைய தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். மகள் ஓடிவந்து ஏறித் தலையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இப்படி இன்னும் இரண்டு இடத்தில் நடந்தது.

அந்த டெம்போக்காரர் உண்மையைத் தமிழில்தான் சொன்னார். எனக்கும் என் மகளுக்கும் அது காதில் விழவும் செய்தது. இருந்தும் மண்டையில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் நுழையும்போது பத்து இருபத்தைந்து. ஸ்ட்ரெச்சரில் ஏற்றி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் இளம் டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்: “கடைசியா எப்போ நல்லா பேசினாங்க?”

“ஆறு மணிக்கு. காபி குடுத்தாங்க.”

“அதுக்கப்புறம்?”

“பாக்கல மேடம்.”

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். திரும்பி வந்து, கோபமில்லாமல்தான் சொன்னார்: “ரத்தக்கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும் சார். ஸ்கேன் பாத்து முடிக்கறதுக்குள்ள அது தாண்டிடும். ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா முயற்சி பண்ணியிருக்கலாம். இப்போ உயிரைப் பாப்போம்.”

நான் தலையாட்டினேன். அரை மணி என்பது அப்போது எனக்கு வெறும் சொல்லாகத்தான் இருந்தது. ட்ராஃபிக்கைத் திட்டினேன், டூரிஸ்ட்டுகளைத் திட்டினேன், அந்தப் புது மேட்டைப் போட்டவனைத் திட்டினேன். மகள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து செக்யூரிட்டி வந்து, வாசலில் நிற்கிற வெள்ளை வண்டியை எடுக்கச் சொன்னார். வெளியே போனேன். சாவியை எடுப்பதற்கு முன்னால், எந்தக் காரின் பக்கத்தில் போனாலும் செய்கிற மாதிரி, முன் சக்கரத்துக்கு மேல் கையை விட்டேன். நாலு விரலும் நுழைந்தன. மேலே இன்னும் இடம் இருந்தது. காலையில் நானே போட்ட சாக்பீஸ் குறி அங்கே வெள்ளையாகத் தெரிந்தது.

கையை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அப்படியே நின்றேன். எல்லா மேட்டையும் இந்த வண்டி நேராக ஏறி இறங்கியிருக்கும். நிற்கவே வேண்டியதில்லை. யாரும் இறங்க வேண்டியதில்லை. இடப்பக்கம் திரும்பியிருந்தால் போதும். செக்யூரிட்டி பக்கத்தில் வந்து, “இன்னா சார், சாவி தொலஞ்சிடுச்சா?” என்றார். அவரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டியை ஓரமாக விட்டுவிட்டு ஸ்டீயரிங்கில் தலையை மோதிக்கொண்டேன். வலித்தது, ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அவள் பிழைத்தாள். இருபத்திரண்டு நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வலது கை போய்விட்டது. வலது கால் பலகை வைத்துக் கட்டினால் இழுத்துக்கொண்டு நடக்கிறது. பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், சொல்தான் வராது. பேச்சுப் பயிற்சிக்குப் போனால் அங்கே படம் காட்டிக் கேட்பார்கள். கத்தரிக்கோல் படத்தைக் காட்டினார்கள். இருபது வருடம் கத்தரிக்கோல் பிடித்தவள். அதை உற்றுப் பார்த்து, வாயைக் கோணி, கடைசியில் “அது... அது...” என்றாள். அப்புறம் அழுதாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விதிக்கு வலப்பக்கம் திரும்பத் தெரியாது. இன்னொரு கூட்டம் என்னைப் பாராட்டியது. “நீ கார் வெச்சிருந்ததால ஒடனே கொண்டும்போன, இல்லன்னா இன்னேரம் என்னா ஆயிருக்கும்” என்று அவளுடைய அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் அந்தக் கையை விலக்கவில்லை. டீ கொடுத்து அனுப்பினேன்.

அதைவிடக் கொடுமை என் மனைவி. தினமும் நான்தான் அவளைக் குளிப்பாட்டுவேன், சோறு ஊட்டுவேன். சில நேரம் இடது கையால் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வாள். கண்ணை மூடி, “நீங்க... நீங்க...” என்பாள். நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று அவள் நம்பினாள். வாய் நன்றாக இருந்த காலத்தில் ஒருநாளும் என்னை இப்படிக் கொண்டாடியவள் இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மாடிக்குப் போய் நிற்பேன். எனக்கு உரிமையில்லாத ஒன்றைத் தினமும் திருடித் தின்கிற மாதிரி இருந்தது.

மகள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். துக்கம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் போன பிறகு ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஓட்டியது இறக்காத வண்டி, நேர் வழியில் போயிருக்கலாம், நான்தான் கெடுத்தேன் என்று.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “எனக்குத் தெரியும்பா” என்றாள்.

“எப்ப?”

“மறுநாளே. நான் எறங்குனேனே. அம்மா தலைய சீட்டுல வெச்சுட்டு எறங்குனேன். மூணு வாட்டி. யாராவது அப்பிடிச் செய்வாங்களா?”

“நீ என்னா பண்ணுவ, நான்தான உன்னப் பழக்கினேன்” என்றேன். அவளுக்கு அது எந்த ஆறுதலையும் தரவில்லை, தந்திருக்கவும் முடியாது. அந்தப் பெண் ஐந்து மாதமாக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

“அம்மாகிட்ட சொல்லணும்” என்றேன்.

“வேணாம்பா. அதுக்கு இப்ப உன்ன விட்டா யாரு இருக்கா? அதாச்சும் நிம்மதியா இருக்கட்டும்.”

அவள் சொன்னது சரிதான். சொன்னால் பாரம் குறையப்போவது எனக்கு, ஏறப்போவது அவளுடைய அம்மாவுக்கு. இது தெரிந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று மத்தியானம் சோறு ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிடும்போது மறுபடி என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கையை உருவிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வலப்பக்கம் திரும்பியதை, கடலோரம் போனதை, மேடுகளில் நிறுத்தியதை, ஆஸ்பத்திரி வாசலில் விரல் வைத்துப் பார்த்ததை, டாக்டர் சொன்ன ஊசியை. நாலு விரல் என்று சொன்னபோது அவள் முகம் மாறியது. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். அவள் வாயைக் கோணிச் சொல்லைத் தேடினாள். கழுத்து நரம்பு புடைத்தது.

“எவ்... எவ்ளோ?”

“என்னா எவ்ளோ?”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இடது கையால் காற்றில் ஒரு நேர்க்கோடு போட்டாள். நேராகப் போயிருந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்கிறாள்.

“தெரியல” என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. நாற்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அந்த வழியில் கார் ஓட்டிக்கொண்டு போனதில்லை.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்று இரவு மகள்தான் ஊட்டினாள். மறுநாளும் அப்படியே.

அதற்குப் பிறகு தொழிலை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விடவில்லை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இன்னும் சுத்து வெட்டுகிறேன், பட்டை உருவுகிறேன். ஒரு விரல் கேட்கிறவனிடம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன், அவன் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்க்கிறான். என் காருக்குப் புது ஸ்பிரிங் வாங்கிப் போட்டு நாலு விரலுக்கு ஏற்றிவிட்டேன். அது பார்க்க அசிங்கமாக இருக்கிறது, யாருடைய காரோ மாதிரி. ஏற்றியதும் அவளை அழைத்துவந்து காட்டினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். ஏறவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் பயிற்சி இருந்தது. அதுவரை ஒவ்வொரு தடவையும் நான்தான் காரில் கூட்டிப்போயிருந்தேன், அதே கடலோர வழியில்தான். அன்று அவள் மகளைக் கூப்பிட்டு, தெருமுனையைக் காட்டினாள். அங்கே ஆட்டோ நிற்கும். மகள் என்னைப் பார்த்தாள். “கூட்டும்போ” என்றேன். இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறினார்கள். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன், யாரும் கூப்பிடவில்லை.

ஆட்டோ இடப்பக்கம் திரும்பியது. முத்தியால்பேட்டைக்குள் நுழைந்து, சந்துகளில் புகுந்து, மேடுகளில் வேகத்தைக் குறைக்காமல் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மேட்டிலும் அவள் தலை மேலே எழும்பி விழுந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். மகள் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாசல்களைத் தாண்டினோம், லாஸ்பேட்டையைத் தாண்டினோம். ஓரிடத்திலும் ஆட்டோ நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மகள் அவளை இறக்கினாள். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடிப்போய், காலுக்குக் கட்டிய பலகையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவள் இடது கையில் மகளின் போன் இருந்தது. கிளம்பும்போதே வாங்கி வைத்திருக்கிறாள். அதில் மணியைப் பார்த்தாள். குனிந்திருந்த என் தோளைத் தட்டினாள். நிமிர்ந்தேன்.

வாயைக் கோணிக்கொண்டு, உதட்டைக் கடித்து, மூச்சு வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தேடினாள். ஏழு மாதத்தில் அவள் திக்காமல் முழுதாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

“பதினேழு.”

அன்றைக்கு நான் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டேன்.